ஸ்டேட்டஸ் பைய போடலாம்

நாகர்கோவிலில் இரவு 11 மணிக்குப் போடுகிற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ரியாத்தில் எட்டரை மணிக்குத் தெரியும். துபாயில் ஒன்பதரை. டூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, ரூமில் சாய்ந்துகொண்டு ஊர்க்காரர்களின் ஸ்டேட்டஸை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிற நேரம் அது. "வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு, இப்போ போட்டுட்டு விடியுமுன்னே எடுத்துரலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் கண்ணில் பட்டால் காலையில் அம்மாவுக்கு போன் வரும்.

"மைனி, மோளு ஸ்டேட்டஸுல ஒருத்தன்கூட நிக்காளே, அது யாரு?"

அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. தன் பிள்ளையைப் பற்றிய சேதி ரியாத் வரை போய்விட்டுத் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்பதுதான் அவரைச் சுடும். அதற்குப் பிறகு நடக்கிற சண்டையில் பாதி அந்தப் பையனைப் பற்றியதாகவே இருக்காது. "எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணல்ல பாத்தியா" என்பதிலேயே சுற்றிச்சுற்றி வரும். அந்தக் காயம் ஆறிய பிறகுதான் காதலைப் பற்றிய பேச்சே தொடங்க முடியும். ஒரு மாதம் வீண்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க, ஒரு காதலை வெளியே சொல்கிற வரிசையைப் பற்றியது. யார் காதில் முதலில் விழ வேண்டும், யார் கண்ணில் கடைசியில் பட வேண்டும், இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்பது. இருவருக்கும் 18 முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஒருவருக்கு அதற்குக் கீழே என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் முன் சம்மதம் என்ற பேச்சே எடுபடாது. அங்கே போஸ்ட் போடுவதல்ல பிரச்சினை.

வாட்ஸ்அப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்ஸ்டாகிராமில் இல்லாத மாமிகள் உண்டு, வாட்ஸ்அப்பில் இல்லாத மாமி கிடையாது. ஸ்டேட்டஸ் பிரைவசியில் மூன்று வழி இருக்கிறது: எல்லா கான்டாக்ட்டும், 'மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்', 'ஒன்லி ஷேர் வித்'. பலர் இரண்டாவதைப் போட்டு, சித்தி, பெரியம்மா, கொயர் அக்கா என்று 20 பேரை விலக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அதில் ஒரு ஓட்டை உண்டு. நாளைக்குச் சேர்க்கிற புது நம்பர் தானாக உள்ளே வந்துவிடும். லீவுக்கு வந்த மாமா ஊர் சிம் போடுவார், "இது என் நம்பரு மக்களே, சேவ் பண்ணிக்க" என்பார். சேவ் செய்ததும் பழைய நம்பருக்குப் போட்ட பூட்டு வீண். 'ஒன்லி ஷேர் வித்' என்றால் நீங்கள் கைப்பட டிக் அடித்தவர்களைத் தவிர யாருக்கும் போகாது. மெனக்கெட்டு ஒருமுறை டிக் அடித்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, பிரைவசியை மாற்றினால் அது இனிமேல் போடுவதற்குத்தான். ஏற்கெனவே போட்ட ஸ்டேட்டஸ் பழைய பட்டியலின்படியே ஓடிக்கொண்டிருக்கும். பதறிப்போய் செட்டிங்ஸுக்குள் ஓடுவதைவிட ஸ்டேட்டஸையே அழிப்பது விரைவு. இரண்டு, 'பார்த்தவர்கள்' பட்டியலை நம்பக் கூடாது. ரீட் ரிசீப்ட்டை அணைத்து வைத்திருப்பவர் பார்த்தாலும் அவர் பெயர் அதில் வராது. நீல டிக் வராத அத்தை என்று ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார் அல்லவா, அவர்தான் முதலில் பார்த்திருப்பார்.

டிபி விஷயம் வேறு மாதிரிக் காலை வாரும். இருவரும் சேர்ந்த படத்தை டிபியாக வைத்து அம்மாவுக்கு மட்டும் மறைத்தால், அம்மா போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற வெற்று வட்டம்தான் தெரியும். நேற்று வரை சிரித்த முகம் இருந்த இடம். "என்னைய பிளாக் பண்ணிட்டியா?" என்று அவர் கேட்பார், கூடவே தங்கச்சி போனை வாங்கியும் பார்ப்பார். மறைத்ததே காட்டிக்கொடுத்துவிடும். டிபியை வரிசையின் கடைசிக்கு, எல்லாருக்கும் தெரிந்த பிறகு என்று ஒதுக்கி வைப்பதே நல்லது.

இனி வேகம். நம் குமரி மாவட்டத்தில் 'மெதுவா' என்பதைவிட 'பைய' என்ற சொல்தான் அதிகம் வாயில் வரும். பைய போ, பைய பேசு. புதுக் காதலில் யாரும் பைய போவதில்லை. முதல் மூன்று வாரம் விடிய விடிய சாட், இரண்டு மணி வரை கால், காலையில் கண் எரிச்சலோடு வேலை. ஆறாவது வாரத்தில் ஒருவருக்கு உடம்பு தாங்காமல் 11 மணிக்குத் தூங்கிவிடுவார். மற்றவர் அதை 'மாறிட்டான்', 'மாறிட்டா' என்று எடுத்துக்கொள்வார். மாறியது அன்பில்லை, தூக்கம். இதைத் தடுக்க வழி, ஆறாவது மாதத்திலும் தாங்கக்கூடிய அளவிலேயே தொடங்குவது: வேலை நாளில் அரைமணி நேரப் பேச்சு, இரவு 11-க்கு மேல் இல்லை, வாரம் ஒருமுறை நேரில். போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டினால் சந்தோஷம், குறைத்தால் சந்தேகம். ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போனவர்களுக்கு இறங்க மட்டும்தான் வழி மிஞ்சும்.

எத்தனை மாதம் ஆச்சு என்பதைவிட, நேரில் எத்தனை முறை என்பதுதான் சரியான கணக்கு. இங்குள்ளவர்களில் ஒருவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருப்பார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலோ பஸ்ஸோ பிடித்து வருவார். மற்றவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து மாதம் ஒருமுறை. அப்படியானால் நான்கு மாதக் காதல் என்பது நேர்க்கணக்கில் நான்கு நாள்தான். என் கணக்கில் குறைந்தது 10, 12 சந்திப்பு, அதிலும் வெவ்வேறு மாதிரியான சூழலில், முடியாமல் வெளியே சொல்வது அவசரம். சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் மணலில் உட்கார்ந்து 12 சாயங்காலம் கழித்தால் அது ஒரே சந்திப்பை 12 முறை சந்தித்தது போல. கடற்கரையில் எல்லாரும் நல்லவர்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒரு மணி நேரம் லேட்டாகும்போது எப்படி இருக்கிறார், ஹோட்டலில் ஆர்டர் மாறி வந்தால் சப்ளையரிடம் எப்படிப் பேசுகிறார், வாங்கின 500 ரூபாயைக் கேட்காமல் திருப்பித் தருகிறாரா என்று பார்க்க வேண்டியவை நிறைய. ஒரு சண்டையாவது வந்து முடிந்திருக்க வேண்டும். சண்டை வரலாம். எத்தனை நாள் பேசாமல் இருந்தார், முதலில் யார் வந்தது, வந்தவர் என்ன சொன்னார் என்பதில்தான் ஆள் தெரியும்.

இதற்குள்ளேயே ஒருவர் படம் போடச் சொல்லி நெருக்கினால், இரண்டாவது வாரத்திலேயே "என்னைய உன் பேஜ்ல போட உனக்கு வெக்கமா?" என்று கேட்டால், திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "யார் பாக்கணும்னு இப்போ போடணும்?" பழைய காதலி பார்க்க வேண்டும், ஆபீஸில் இன்னொருவன் ஒதுங்க வேண்டும், நண்பர்களிடம் சொன்னது பொய்யில்லை என்று காட்ட வேண்டும் என்று எதாவது ஒன்று இருக்கும். காரணம் தெரிந்தால் பேசித் தீர்க்கலாம். போன் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கேட்கிறவரோடு போஸ்ட்டைப் பற்றிப் பேசுவதே வீண், அங்கே பேச வேண்டியது வேறு.

வீட்டில் பெண் பார்த்தலோ மாப்பிள்ளைப் பேச்சோ ஓடுகிறதா என்பதையும் முதல் மாதத்திலேயே இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும். பேச்சு நடக்கிற நேரத்தில் படம் வெளியானால் இரண்டு வீட்டோடு நிற்காது. ஒன்றும் அறியாத மூன்றாவது வீடு ஒன்று அவமானப்படும், அவர்களும் பெரும்பாலும் அடுத்த ஊர்க்காரர்களாக இருப்பார்கள்.

சரி, சாஃப்ட் லாஞ்ச். முகத்தைக் காட்டாமல் ஒரு கையை, ஒரு நிழலை, எதிரே இருக்கிற தட்டை மட்டும் காட்டி 'யாரோ இருக்கிறார்கள்' என்று கோடி காட்டுவது. சென்னையில் இது நடக்கும். அங்கே ஒரு கை என்றால் லட்சம் கைகளில் ஒன்று. இங்கே ஒரு கை என்றால் யார் கை என்று கேட்க நாலு பேர் போதும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முட்டம் கடற்கரைப் பாறை, சாயங்காலம், இரண்டு டீ கிளாஸ், ஓரத்தில் ஒரு ஆண் கை. எடுத்தவருக்கு இது பத்திரமான படம். பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வாட்ச். அது அவன் தினமும் கட்டுவது, அவனுடைய 40 படத்தில் இருக்கிறது. அடுத்து பாறை மேல் வைத்த பைக் சாவி, அதில் கல்லூரி கீ செயின். பின்னால் மங்கலாக நிற்கிற பைக்கில் டிஎன் 75 வரை தெரிகிறது, ஆக மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். (நாகர்கோவில் பதிவு என்றால் டிஎன் 74.) அவள் கூலிங் கிளாஸைக் கழற்றி கிளாஸ் பக்கத்தில் வைத்திருந்தால் அதன் கண்ணாடியில் படம் எடுக்கிறவரும், பக்கத்தில் இருப்பவரும் குட்டியாக நிற்பார்கள். பெரிதாக்கிப் பார்க்க இரண்டு விரல் போதும். ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை படத்துக்குள் இல்லை. அதே பத்து நிமிடத்தில் அவனும் அதே கடலை, அதே சரிவில் சூரியன் நிற்கும்போது ஸ்டோரி போட்டிருப்பான். இருவரையும் ஃபாலோ செய்கிறவருக்கு அடுத்தடுத்த வட்டத்தில் ஒரே கடல் வரும். அதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை.

ஆகவே சாஃப்ட் லாஞ்ச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு நாளில் ஒருவர் மட்டும் போடுங்கள், மற்றவர் அந்த வாரமே கடல் பக்கம் போகாதவராக இருக்கட்டும். லொகேஷன் ஸ்டிக்கர் வேண்டாம். அங்கே இருக்கும்போதே போடாமல், மறுநாள் வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம், கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம், வட்டக்கோட்டை மதில் போன்ற பார்த்ததும் தெரிகிற இடங்களைவிட, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு மேசையும் இரண்டு ஜூஸும் பத்திரம். கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து, விடுமுறை நாளில் அங்கே எடுக்கிற படத்தின் பின்னணியில் தெரிந்தவர் ஒருவராவது நடந்துபோவார். அவர் படத்தில் நீங்களும் இருப்பீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமின் குளோஸ் ஃப்ரெண்ட்ஸ் பட்டியல் நல்ல ஏற்பாடு, அளவு தெரிந்து வைத்தால். உள்ளே இருப்பவருக்கு ஸ்டோரி பச்சை வளையத்தோடு தெரியும். ஒருவரை நீக்கினால் அவருக்குத் தகவல் போகாது. பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஸ்டோரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அப்படியே. அதனால் 60 பேர் உள்ள குளோஸ் ஃப்ரெண்ட்ஸ் என்பது பொதுக்கூட்டம். 10 பேர், மிஞ்சினால் 15. ஒருவரைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை என்றால், இந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் முதலில் உங்களைக் கூப்பிடுவாரா, இன்னொருவரைக் கூப்பிடுவாரா என்று யோசித்தால் விடை வந்துவிடும். அத்தை மக்கள், மாமா மக்கள் வரிசையில் ஒரே ஒருவர் போதும்.

போஸ்ட்டே போடாமலும் வெளியாகிற வழி ஒன்று உண்டு, அடிக்கடி நடப்பது. புது போன் வாங்கின அன்று அண்ணன் செட் பண்ணிக் கொடுத்திருப்பான், தன் ஜிமெயிலையே போட்டு. அந்த போனில் எடுக்கிற படமெல்லாம் அவன் கணக்கின் கூகுள் போட்டோஸுக்கு பேக்கப் ஆகும், அவன் போனிலும் திறக்கும். கேலரியில் ஹிட்டன் ஃபோல்டரெல்லாம் பண்ணி வைத்தவர்கள் இதை யோசிப்பதில்லை. செட்டிங்ஸில் எந்தெந்த கூகுள் கணக்கு இருக்கிறது, பேக்கப் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாயால் சொல்கிற கட்டம்தான் இந்த விஷயத்தின் நடுமுதுகு. யாரிடம் முதலில்? அம்மாவிடம் நேராகப் போவதைவிட, வீட்டுக்குள்ளேயே உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒருவரிடம், அக்காவோ அண்ணனோ மைனியோ, முதலில் சொல்வது பெரும்பாலும் நல்லது. அவர் வக்காலத்து வாங்க வேண்டாம், அதிர்ச்சி வருகிற அன்று வீட்டில் இன்னொரு ஆள் நிதானமாக இருந்தால் போதும். அதைக் கேட்டே வாங்கிக்கொள்ள வேண்டும்: "அக்கா, ஒரு காரியம் சொல்லணும். நீ கேட்டுட்டு மட்டும் இரு, அம்மைகிட்ட இப்போ சொல்லாண்டாம். நான் சொல்லுகப்போ பக்கத்துல நின்னா போரும்."

ஒரு வாரம், பத்து நாள் கழித்து அம்மா. போனில் வேண்டாம், ஊருக்கு வந்து நேரில். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கிற டிசம்பர் முதல் வாரத்தில் வேண்டாம், சுசீந்திரம் தேருக்கு எல்லாரும் புறப்படுகிற காலையிலும் வேண்டாம். அடுக்களையில் அவர் கை வேலையாக இருக்கும்போது, கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நேரத்தில், சொல்வது எளிது, கேட்பதும் எளிது. பெயர், வேலை, ஊர், எவ்வளவு நாளாகப் பழக்கம், இன்னும் என்னென்ன முடிவாகவில்லை என்று ஐந்து நிமிடத்தில் முடிகிற சேதியாக இருக்கட்டும். படம் கேட்டால் முகம் தெளிவாக இருக்கிற ஒன்றை மட்டும் காட்டுங்கள். 'அடுத்தது' என்று அவர் விரல் தள்ளினால் பீச் படங்கள் வரிசையாக வரும், அதனால் அந்த ஒன்றைத் தனி ஆல்பத்தில் முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

"எந்த ஊரு? எந்த வீடு? எந்தக் கோயிலு?" இந்த மூன்றும் நிச்சயமாக வரும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. இப்படி ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கிற இடத்தில் மதம் கடந்த காதல் அபூர்வம் ஒன்றுமில்லை. ஒரே மதம் என்றாலும் தப்பித்தோம் என்று இருக்க முடியாது, ஆர்சியா, சிஎஸ்ஐயா, பெந்தெகொஸ்தேவா, சால்வேஷன் ஆர்மியா என்று அடுத்த கேள்வி வரும், அதற்குள்ளே சாதிக் கேள்வியும் இருக்கும். வேறு என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் நாலு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள், இங்கே விசாரிப்பு முடிய ஒரு மத்தியானம் போதும்.

"யோசிக்கணும்" என்று அம்மா சொன்னால் அது நல்ல பதில். இரண்டு வாரம் விடுங்கள். அப்பாவிடம் யார் சொல்வது, எப்போது என்பதை அம்மாவே பெரும்பாலும் தீர்மானிப்பார். மாமி, சித்தி, வளைகுடா சித்தப்பா எல்லாருக்கும் யார் சொல்வது என்பதையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். முதலில் தான் சொன்னோம் என்ற மரியாதையை அவருக்குக் கொடுப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சொல்வது முக்கியம். ஒரு வீட்டில் தெரிந்தால் மூன்று போனில் மறு வீட்டுக்கு எட்டிவிடும்.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. அடி, பூட்டிவைத்தல், உயிருக்கே ஆபத்து என்ற பயம் இருக்கிற வீட்டில் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள் என்று எழுதுவது அநியாயம். அங்கே முதலில் தெரிய வேண்டியது வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான இரண்டு பேருக்கும், ஒரு வக்கீலுக்கும். ஆணவக் கொலைகள் பற்றிய சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் எஸ்பி, சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப் பிரிவு இருக்க வேண்டும், அதில் 24 மணி நேர உதவி எண் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவர்கள் கல்யாணம் பதிவாகிப் பத்திரமான இடத்துக்குப் போகும்வரை ஒரு விரல் நுனியைக்கூட ஸ்டோரியில் காட்டக் கூடாது.

மதம் மாறாமலே கல்யாணம் செய்ய வழி தருகிற சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய நினைக்கிறவர்கள் கவனிக்க: அந்தச் சட்டமே உங்களுக்காக ஒரு போஸ்ட் போடும். இருவரில் ஒருவர் 30 நாளாவது வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் கண்ணில் படும்படி ஒட்டுவார்கள், 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். சென்னையில் கொடுத்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் 6-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். நிரந்தர முகவரி குமரி மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் இங்குள்ள அலுவலருக்கும் வந்து இங்கேயும் ஒட்டப்படும். அதனால் வீட்டில் சொல்லும் தேதியை நோட்டீஸ் கொடுக்கும் தேதிக்கு முன்னால் வைக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கத்தோலிக்கக் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது இதே வேலைதான்: இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முகத்தோடு வெளிப்படையாக அறிவிப்பதற்கு ஹார்ட் லாஞ்ச் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள், அதை பங்குச்சாமி பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார். ஒரு வித்தியாசம், ஓலை வாசிக்கும்போது முதல் பெஞ்சில் இருக்கிற அம்மாவுக்கு அது செய்தியாக இருக்காது.

இனி அந்த நாள். எல்லாரும் கேட்டாயிற்று, வெளிப்படையாகப் போடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டாயிற்று. போடும் முன் இருவரும் ஒரே போனைப் பார்த்தபடி பேசிக்கொள்ள வேண்டியவை: எந்தப் படம், யார் பேஜில், எழுத்து என்ன, டேக் உண்டா, கமென்ட் திறந்திருக்குமா. படத்துக்குப் படம் சம்மதம் வேண்டும். போன மாதம் சரி என்றது இந்த மாதப் படத்துக்கு ஆகாது. இதில் பெண் சொல்வதற்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்பேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அவனிடம் யாரும் அந்தப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கப் போவதில்லை, அவளிடம் கேட்பார்கள். இது நியாயமா என்றால் இல்லை, ஆனால் படம் போடுகிற அன்று நிலவரம் இதுதான்.

டேக், கொலாப் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கொலாப் போஸ்ட் இருவர் பேஜிலும் ஒரே போஸ்ட்டாக நிற்கும், லைக்கும் கமென்ட்டும் பொது. முதலில் போட்டவர் அழித்தால் இரண்டு பேஜிலும் போய்விடும், மற்றவர் தன் பேஜிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளலாம். டேக் என்றால் போஸ்ட் ஒருவருடையது, டேக் செய்யப்பட்டவர் தன் பெயரை எடுத்துவிடலாம். முதல் படத்துக்கு டேக் போதும். அதற்கு முன் இருவரும் டேக்குகளைத் தாமே பார்த்து அனுமதிக்கிற அமைப்பைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் படம் வந்த மறுநாளே நண்பர்கள் பழைய டூர் படங்களையெல்லாம் தோண்டி எடுத்து இருவரையும் சேர்த்து டேக் செய்வார்கள். பாசம்தான், இருந்தாலும் அதில் எது வெளியே வர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கட்டும்.

எழுத்து சிறியதாக இருக்கட்டும். 'என்றென்றும்', 'என் உயிர்', 'வருங்கால' போன்றவற்றைக் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்ளலாம். பேரும் ஒரு தேதியும் போதும். பகலில் போடுங்கள், ஞாயிறு பிற்பகல் வசதி. அன்றைக்கு அம்மா போனுக்கும் பத்து கால் வரும், அவர் ஓய்வாக இருக்க வேண்டும். போடுகிற அரைமணிக்கு முன் அவரிடம் காட்டிவிட்டால், "ஆமா, எனக்கு தெரியும்" என்று அவர் சொல்லலாம். கமென்ட்டில் யாராவது சாதியோ மதமோ இழுத்தால் பதில் எழுதாமல் அழித்து விடுங்கள், பதில் எழுதினால் அது மேலே வரும்.

பிரிவும் நடக்கும். அன்றிரவே எல்லாவற்றையும் அழிப்பவர்கள் மறுவாரம் வருந்துவதும் நடக்கும். இன்ஸ்டாகிராமில் 'ஆர்கைவ்' செய்தால் படம் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறையும், லைக்கும் கமென்ட்டும் அப்படியே பத்திரமாக இருக்கும். ஒரு மாதம் கழித்து அழிப்பதா வைப்பதா என்று நிதானமாக முடிவு செய்யலாம். அன்றிரவே செய்ய வேண்டியது வேறு: மற்றவர் போனில் உங்கள் கணக்கு லாகின் ஆகியிருந்தால் வெளியேற்றுவது, பாஸ்வேர்ட் மாற்றுவது, வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பார்ப்பது, கூகுள் மேப்ஸில் லொகேஷன் பகிர்வு ஓடுகிறதா என்று பார்ப்பது.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கெஞ்சி மெசேஜும் அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்கவும் செய்யாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் ஐடியும் தேதியும் தெரிய வேண்டும், லிங்க்கைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான இத்தகைய புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அப்படி ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் குற்றம். "நீதான அனுப்புன" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. ஸ்டாப் என்சிஐஐ என்ற தளத்தில் உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கலாம். படம் போனை விட்டு வெளியே போகாது, அந்த அடையாளம் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போய் அதே படம் ஏறாமல் தடுக்கப் பயன்படும்.

எல்லாம் முடிந்து ஆறிப்போன பிறகு ஒரு காலை, 'ஒரு வருடத்துக்கு முன் இன்று' என்று கூகுள் போட்டோஸ் முட்டம் பாறையைக் கொண்டுவந்து காட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அம்மா இருக்கும்போது. செட்டிங்ஸில் மெமரீஸ் பகுதிக்குப் போனால் குறிப்பிட்ட முகத்தையும் குறிப்பிட்ட தேதிகளையும் மறைக்க வசதி இருக்கிறது. ஃபேஸ்புக் மெமரீஸிலும் அதே இரண்டும் உண்டு. இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும், ஒன்றில் செய்தது மற்றதுக்குத் தெரியாது.